பி.ஏ. பொன்னுலிங்கம்

ஆற்காடு சாலையில் மெட்ரோ தகரத்தின் மேல்
பசை காயாத சுவரொட்டி:
'திரையுலகுக்கும் கோட்டைக்கும் பாலமாக இருந்தவர்.'
அவனுக்குப் பிடித்திருக்காது.
பாலத்தில் யாருய்யா நிற்கிறார்கள் என்பான்.

பெயருக்கு முன்னால் பி.ஏ. போட்டிருக்கிறார்கள்,
படித்த பட்டம் என்று நினைத்து.
இரண்டு தாள் அரியரை எழுதாமலே விட்டவன் அவன்.
மந்திரிக்குத்தான் பி.ஏ.
பதினோரு வருஷம்
அவர் கண்ணாடிக்கூட்டை, இன்சுலினை,
யாரைப் பார்த்துச் சிரிக்கலாம்
யாரைப் பார்த்துக் கூடாது என்பதையெல்லாம் தூக்கிக்கொண்டு
பின் சீட்டில் போய்வந்தான்.
மந்திரி தோற்ற இரவு
செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து
என்னைக் கேட்டான்:
"நாளைக்கு நான் எத்தனை மணிக்கு எழுந்துக்கணும்?"

பிறகுதான் சினிமா.
எந்த மேசையில் எந்தக் கோப்பு
மூச்சை அடக்கிக் கிடக்கிறது என்று தெரிந்தவனைத்
தயாரிப்பாளர்கள் விடுவார்களா?
வரிவிலக்கு, தணிக்கை, அதிகாலைக் காட்சி,
கடற்கரையில் ஒரு குதிரை ஓடுவதற்குக் காவல்துறைக் கடிதம்.
வியாழக்கிழமை ராத்திரிகளில்
அவனுடைய இரண்டு போன்களும்
சமையல் மேடையில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து
டம்ளரில் போய் முட்டும்.
எந்தப் படத்தின் நன்றி அட்டையிலும் அவன் பெயர் கிடையாது.
போட வந்தவர்களையும் எடுக்கச் சொல்லிவிடுவான்.

நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை.
பெரிய படம் ஒன்றுக்கு வழிவிட
ஒரு சின்னப் படத்தின் சான்றிதழை
ஏழு வாரம் தூங்கவைத்தான்.
அதன் ஒலிக்கலவை என்னுடையது.
நான் எதுவும் கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை.
அந்த இயக்குநர் சேர்மக்கனி
இப்போது போரூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கிறார்.
மாதம் ஒருமுறை இவன் போய்
விலை பேசாமல் மீன் வாங்கி வருவான்.
எங்களிடம் தொட்டி கிடையாது.
பக்கெட்டில் இரண்டு நாள் நீந்தவிட்டுக்
கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவான்.

வீட்டு ஓனருக்கு நான் தம்பி.
டிரைவர் முபாரக்குக்கு ரூம்மேட்.
முபாரக்குக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்;
கார் கதவை எனக்கும் திறப்பார்.
ஆஸ்பத்திரிப் படிவத்தில்
'நோயாளிக்கு உறவுமுறை' என்ற கட்டத்தில்
மூக்கில் குழாயோடு அவனே எழுதினான்:
தெரிந்தவர்.
ஊர்க் கோப்புகளையெல்லாம் நகர்த்தியவன்
இருபத்தாறு வருஷத்தில்
அந்த ஒரு கட்டத்தில் மட்டும் கைவைக்கவில்லை.

கோவில்பட்டியிலிருந்து வந்த அண்ணன் மகன்
பெசன்ட் நகரில் கொள்ளி வைத்தான்.
நான் யூனியன்காரர்களோடு நின்றிருந்தேன்.
யாரோ டீயை நீட்டிக் கேட்டார்:
"சாருகிட்ட நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"
சர்க்கரை கூட என்றேன்.

யாரும் பேசாதபோது
ஓர் அறைக்கு என்று ஒரு சத்தம் இருக்கிறது.
ரூம் டோன் என்போம்.
வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே
ஒட்டுவதற்காகப் பிடித்து வைப்போம்.
புது மைக் வாங்கிய அன்று, சோதனைக்கு,
எங்கள் ஹாலை நாற்பது நொடி எடுத்திருந்தேன்.
அசையாதே என்று சொல்லிவிட்டேன்.
சோபாவில் செய்தித்தாளோடு இருந்தான்.
நேற்று அதே இடத்தில்
அதே மைக்கில் மறுபடி எடுத்தேன்.
அதே ஃபேன். கீழே அதே தண்ணி மோட்டார்.
இரண்டையும் ஒட்டிப் பார்த்தேன்.
ஒட்டு தெரிகிறது.

பழையதில், முப்பத்தோராவது நொடியில்,
பக்கத்தைத் திருப்பப் போய்
என் ஞாபகம் வந்து
பாதியில் நிறுத்திய தாள்.